வெட்டியது யார், ஒட்டுவது யாருக்காக? ‘ஸ்பார்ட்டகஸ்’ படத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

எங்க தெருவுக்குச் சினிமா துண்டு துண்டாகத்தான் வந்து சேர்ந்தது. பக்கத்து ஊர்க் கொட்டகையில் பெரியப்பாவுக்குப் பொட்டி தூக்குற வேலை. ஒரே பிரதியை வைத்துக்கொண்டு இரண்டு ஊரில் படம் ஓட்டுவார்கள். இங்கே ஓடி முடிந்த ரீலைச் சைக்கிளில் கட்டி அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஓட்டும்போது பிலிம் அறுந்துபோனால் ஆபரேட்டர் நைந்த இடத்தை வெட்டிப் போட்டுவிட்டு ஒட்டி ஓட்டுவார். வெட்டிப் போட்டதைப் பெருக்கி அள்ளுவதும் பெரியப்பாதான். கூலியோடு சேர்ந்து அதுவும் வீட்டுக்கு வரும்.

தொண்ணூறுகளின் கடைசியில், அந்தத் துண்டுகளை வைத்து நாங்கள் பிள்ளைகள் படம் காட்டினோம். ஃப்யூஸ் போன குண்டு பல்பின் அடியைத் தட்டியெடுத்துத் தண்ணீர் ஊற்றினால் அதுதான் லென்ஸ். உடைந்த முகக்கண்ணாடியில் வெயிலைப் பிடித்துக் குடிசைக்குள்ளே அனுப்பினால் சுவரில் ஒரு முகம் விழும். வாய் திறந்தபடி நிற்கும். என்ன பேசுகிறது என்று தெரியாது. நாங்களே பேசிக்கொள்வோம், ஆளுக்கொரு வசனம். முகம் யாருடையதோ, குரல் எங்களுடையது.

இன்றைக்குப் பழைய படங்கள் மறுபடியும் கொட்டகைக்கு வருகின்றன. ‘வெட்டப்படாத முழுப்படம்’ என்கிறார்கள், ‘இயக்குநரின் பிரதி’ என்கிறார்கள், ‘இதுவரை காணாத காட்சிகளுடன்’ என்று சுவரொட்டி ஒட்டுகிறார்கள். திரைப்படச் சங்கத்து நண்பர்கள் பரவசப்படுகிறார்கள். எனக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் துண்டு பெருக்கியவன் வீட்டுப் பிள்ளைக்கு வேறு சில கேள்விகளும் இருக்கின்றன. வெட்டியது யார்? வெட்டியதை இத்தனை வருஷம் வைத்திருந்தது யார்? இப்போது எடுத்து ஒட்டுவது யாருக்காக?

2

சினிமாவில் கத்தரி மூன்று கைகளில் இருக்கிறது.

முதல் கை முதலாளியுடையது. ரிட்லி ஸ்காட்டின் ‘பிளேடு ரன்னர்’ 1982-இல் வந்தபோது, சனங்களுக்குப் புரியாது என்று நாயகனின் பின்னணிப் பேச்சையும் ஒரு சுபமுடிவையும் தயாரிப்புத் தரப்பு திணித்தது. 1992-இல் வந்த பிரதியில் இரண்டும் போயின. ஸ்காட்டின் முழுக் கட்டுப்பாட்டில் ஒரு பிரதி வெளிவர 2007 ஆயிற்று. டேவிட் லீனின் ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ 1962-இல் வெளியாகிப் பிறகு சுருக்கப்பட்டு, 1989-இல்தான் லீன் பக்கத்திலிருக்க மீண்டும் நீண்டது. ஆர்சன் வெல்ஸுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ‘டச் ஆஃப் ஈவில்’ படத்தை முதலாளி மாற்றி வெட்டியதைப் பார்த்து 58 பக்கத்துக்குக் கடிதம் எழுதினார். படம் 1958-இல் வந்தது, வெல்ஸ் 1985-இல் செத்துப்போனார், கடிதத்தை வைத்துப் படத்தைத் திருத்தித் தொகுத்தது 1998-இல். அவருடைய இன்னொரு படமான ‘தி மேக்னிஃபிசென்ட் ஆம்பர்சன்ஸ்’ 1942-இல் வெட்டப்பட்டபோது வெட்டிய பகுதியை அழித்தே விட்டார்கள். அதற்கு மறுவெளியீடு கிடையாது.

இரண்டாவது கை அரசுடையது. ‘ஷோலே’ 1975 ஆகஸ்டில் வந்தது. நெருக்கடி நிலைக் காலம். முதலில் எடுத்த முடிவில், கைகள் வெட்டப்பட்ட தாக்கூர் ஆணி அடித்த செருப்புக்காலால் கப்பர் சிங்கை மிதித்தே கொல்கிறார். தணிக்கை மறித்தது. போலீஸ் வந்து கப்பரைப் பிடித்துப்போவதாக மாற்றினார்கள். பழைய முடிவோடு மீட்டமைக்கப்பட்ட படம் 2025-இல் இத்தாலியின் பொலோஞாவில் திரையிடப்பட்டு, அதே ஆண்டில் இங்கேயும் கொட்டகைக்கு வந்தது. ஐம்பது வருஷம் கழித்துத் தாக்கூருக்கு அவருடைய பழி திரும்பக் கிடைத்துவிட்டது. தாக்கூர் என்பது வடக்கே நிலவுடைமைச் சாதியின் பட்டம் என்பதை நம்ம ஆட்கள் மறந்துவிடக் கூடாது. அந்த ஊரில் அவருடைய நிலத்தை உழுகிறவன் யார், செத்த மாட்டை இழுக்கிறவன் யார் என்று படம் 1975-இலும் சொல்லவில்லை, 2025-இலும் சொல்லவில்லை. எடுக்காத காட்சியை எந்த நெகட்டிவிலும் தேட முடியாது.

மூன்றாவது கை இயக்குநருடையதே. கொப்போலா ‘அபோகலிப்ஸ் நௌ’ படத்தை 1979-இல் தந்தார். 2001-இல் 49 நிமிடத்தைச் சேர்த்தார். 2019-இல் அதிலிருந்து ஒரு பகுதியை மறுபடி எடுத்துவிட்டு ‘இறுதிப் பிரதி’ என்றார். இயக்குநரின் உண்மையான விருப்பம் என்று ஒன்று எங்கோ ஒரு பெட்டியில் பூட்டிக் கிடப்பதாக நினைப்பவர்கள் இந்த மூன்று பிரதிகளையும் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும்.

ஏன் ஒட்டுகிறார்கள் என்பதற்கு வழக்கமாகச் சொல்லும் பதில்கள் இரண்டு. ஒன்று மானம்: தன் பெயரில் ஊர் பார்ப்பது தன் படமாக இருக்க வேண்டும் என்ற ஆசை. இன்னொன்று வியாபாரம்: ஒருமுறை விற்ற சரக்கை மறுபடி விற்கப் புதிதாக ஏதாவது வேண்டும். வீடியோ கேசட்டும் டிவிடியும் வந்தபிறகு இது ஒரு தொழிலாகவே ஆயிற்று. இரண்டும் உண்மை. இரண்டுக்கும் அடியில் மூன்றாவது காரணம் ஒன்று இருக்கிறது என்பது என் கட்சி. வெட்டியபோது இருந்த பயம் தீர்ந்துபோயிருக்க வேண்டும். எதைக் காட்டினால் இனி ஆபத்தில்லையோ, அது திரும்பி வருகிறது. இதைத்தான் ‘ஸ்பார்ட்டகஸ்’ படத்தை வைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

3

ஸ்பார்ட்டகஸைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இருக்கிறது. ஜோதிராவ் பூலே 1873-இல் ‘குலாம்கிரி’ எழுதியபோது, நீக்ரோ அடிமைகளை விடுவிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கு அதைக் காணிக்கையாக்கினார். அடிமையின் கதையை நம்முடைய கதையோடு சேர்த்துப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர். நாம் இரவல் வாங்கவில்லை, பூலே விட்டுப்போன சொத்தை எடுத்துப் புழங்குகிறோம்.

கி.மு. 73-இல் இத்தாலியின் காப்புவா நகரத்தில் ஒரு கிளாடியேட்டர் பயிற்சிக்கூடத்திலிருந்து எழுபது பேர் போல அடிமைகள் அடுக்களைக் கத்திகளைத் தூக்கிக்கொண்டு தப்பினார்கள். கூட்டம் பல்லாயிரமாகப் பெருகியது. கி.மு. 72-இல் ரோமின் இரண்டு கான்சல்களின் படைகளையும் அடித்து விரட்டினார்கள். கி.மு. 71-இல் கிராசஸ் அவர்களை முறியடித்தான். காப்புவாவிலிருந்து ரோம் வரை சாலையோரம் 6,000 பேரைச் சிலுவையில் அறைந்தான். இதையெல்லாம் நமக்குச் சொல்வது அப்பியன், புளூடார்க் போன்ற பிற்கால எழுத்தாளர்கள். சிலுவையில் தொங்கியவர்கள் எழுதி வைத்த ஒரு வரிகூட இல்லை.

இதை நாவலாக்கியவர் ஹோவர்ட் ஃபாஸ்ட், கம்யூனிஸ்ட். ஆட்களைக் காட்டிக்கொடுக்க மறுத்துச் சிறைக்குப் போனவர். பதிப்பாளர்கள் பயந்து ஒதுங்கியதால் 1951-இல் தன் கைக்காசில் அச்சிட்டார். திரைக்கதை எழுதிய டால்டன் ட்ரம்போவும் சிறை சென்றவர். கருப்புப் பட்டியலில் இருந்ததால் பத்து வருஷத்துக்கு மேல் புனைபெயரிலும் அடுத்தவர் பெயரிலும் எழுதிப் பிழைத்தார். 1960-இல் வந்த ‘ஸ்பார்ட்டகஸ்’ படத்தில், நாயகனும் தயாரிப்பாளருமான கிர்க் டக்ளஸ் ட்ரம்போவின் சொந்தப் பெயரைத் திரையில் போட்டார். வெட்டப்பட்ட காட்சிகள் திரும்புவதற்கு 31 வருஷம் முன்னாலேயே இந்தப் படத்தில் வெட்டப்பட்ட ஒரு பெயர் திரும்பிவிட்டது.

இயக்குநர் கதை வேறு. படப்பிடிப்பு தொடங்கிய கொஞ்ச நாளிலேயே அந்தோணி மானை விலக்கிவிட்டு ஸ்டான்லி குப்ரிக்கைக் கொண்டுவந்தார்கள். கடைசி வார்த்தை அவருடையதாக இல்லை. பிற்காலத்தில் இதைத் தன் படமாக அவர் கொண்டாடவில்லை. ரோமப் படையாக நடித்தவர்கள் ஸ்பெயின் காலாட்படையைச் சேர்ந்த 8,000 பேர். அதாவது சர்வாதிகாரி பிராங்கோவின் சிப்பாய்கள். அடிமைக் கலகத்தைப் படமெடுக்கவும் ஒரு சர்வாதிகாரியிடம்தான் ஆள் கேட்க வேண்டியிருந்தது.

வெளியீட்டுக்கு முன்பே தணிக்கைக்கும் கத்தோலிக்க ஒழுக்கக் கண்காணிப்பு அமைப்புக்கும் பயந்து 14 நிமிடத்தை வெட்டினார்கள். 1967-இல் மறுவெளியீட்டுக்காக இன்னும் 23 நிமிடம் போயிற்று. 1991-இல் ராபர்ட் ஹாரிஸ், ஜேம்ஸ் காட்ஸ் இருவரும் எல்லாவற்றையும் தேடியெடுத்து ஒட்டினார்கள். மூல நெகட்டிவின் வண்ணம் வெளுத்துப்போயிருந்தது. பாதுகாப்புக்காக வண்ணத்தை மூன்றாகப் பிரித்துக் கறுப்பு வெள்ளையில் எடுத்து வைத்திருந்த சுருள்களை வைத்து மறுபடி நிறம் ஏற்றினார்கள். குப்ரிக் இங்கிலாந்திலிருந்தபடி யோசனை சொன்னார். படம் 197 நிமிடமாக வெளிவந்தது.

4

197 நிமிடப் பிரதியைப் போன வருஷம் எங்கள் தெரு அம்பேத்கர் படிப்பகத்துச் சுவரில் புரொஜக்டர் வைத்துக் காட்டினோம். வசனத்தை நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். பெரியப்பா முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வாலிபத்தில் டவுன் கொட்டகையில் பகல் காட்சியில் இந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார். பெயர் நினைவில்லை. ‘அடிமைப் படம்’ என்றுதான் சொல்வார். கிர்க் டக்ளஸும் நினைவில்லை. “அந்த கறுப்பன் இருக்கான் பாரு, வலையும் சூலமும் வச்சிருப்பான், குத்த மாட்டேன்னுட்டான்” என்பார். அவருக்கு அது அந்தக் கறுப்பனின் படம்.

அந்தக் கறுப்பன் டிராபா. நடித்தவர் வுடி ஸ்ட்ரோட். ரோமிலிருந்து வந்த கிராசஸும் அவனோடு வந்த பெரிய வீட்டுப் பெண்களும் பொழுதுபோக்குக்காக இரண்டு சோடிகள் சாகும்வரை சண்டையிட வேண்டும் என்று கேட்கிறார்கள். எந்த ஆள் என்று மாட்டுச்சந்தையில் பார்ப்பதுபோல் பார்த்துப் பொறுக்குகிறார்கள். முதல் சோடி வெளியே வெட்டிக்கொள்ளும்போது டிராபாவும் ஸ்பார்ட்டகஸும் ஒரு மரக்கூண்டுக்குள் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். வெளியே நடப்பது பலகை இடுக்கில் தெரிகிறது. இரண்டு பேரும் பேசவில்லை. மேலே மாடத்தில் ரோமர்கள் கல்யாணம், பதவி என்று கதை பேசுகிறார்கள். குப்ரிக் தன் படமில்லை என்று சொன்னாலும் இந்தக் காட்சி அவர் பெயர் சொல்லும். சாகப்போகிறவர்கள் பக்கத்தில் கேமரா உட்கார்ந்திருக்கிறது.

பிறகு டிராபா ஜெயிக்கிறான். சூலம் ஸ்பார்ட்டகஸின் கழுத்தில் இருக்கிறது. குத்து என்கிறார்கள். அவன் திரும்பி மாடத்தை நோக்கிச் சூலத்தை எறிகிறான், ஏறுகிறான். காவலனின் ஈட்டி முதுகில் பாய்கிறது. மாடத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருக்கும் அவன் கழுத்தில் கிராசஸ் குறுவாளை இறக்குகிறான். ரத்தம் கிராசஸின் முகத்தில் பீய்ச்சி அடிக்கிறது.

அந்தக் கடைசி வாக்கியம்தான் 1991-இல் திரும்பி வந்தது. 1960-இல் பார்த்தவர்கள் டிராபா செத்ததைப் பார்த்தார்கள். அவன் உடலைத் தலைகீழாக மற்ற அடிமைகளுக்குப் பாடமாகத் தொங்கவிட்டதையும் பார்த்தார்கள். ரத்தம் எஜமானின் முகத்தில் பட்டதை மட்டும் பார்க்கவில்லை. கறுப்பன் சாவது தணிக்கைக்குப் பிரச்சினையாக இல்லை. அவன் ரத்தம் மேலே தெறிப்பதுதான் கண்ணை உறுத்தியிருக்கிறது. கொலையை விட்டுவிட்டுக் கறையை வெட்டினார்கள்.

இதை வன்முறையைக் குறைக்கும் வழக்கமான வெட்டு என்று மேற்கத்திய நூல்கள் சொல்லிக் கடந்துவிடும். தீட்டு என்றால் என்னவென்று தெரிந்த நமக்கு அப்படிக் கடக்க முடியாது. கை படாமல் கொல்லத் தெரிந்த சமூகம் நம்முடையது. எரித்தவன் மேல் சாம்பல்கூட ஒட்டாமல் வழக்கு முடியும். 1968-இல் கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் கருகினார்கள். கார் வைத்திருக்கும் மிராசுதார்கள் நேரில் போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்று சொல்லி 1973-இல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. அதுவும் ஒரு படத்தொகுப்புதான். பிணங்கள் எல்லாம் இருந்தன, முகத்தில் தெறித்த ரத்தம் மட்டும் வெட்டப்பட்டிருந்தது.

படிப்பகத்தில் அந்த ரத்தம் தெறித்தபோது பெரியப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். “கறுப்பன் செத்தது நெனவிருக்கு. இது நெனவில்ல. இப்படித் தெறிச்சிருந்தா நான் மறந்திருக்க மாட்டேனே” என்றார். அவரிடம் தணிக்கை பற்றி நான் ஒன்றும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

5

1991-இல் திரும்பி வந்தவற்றில் அதிகம் பேசப்பட்டது குளியல் காட்சி. கிராசஸாக லாரன்ஸ் ஒலிவியர். அவனுக்குப் புதிதாகக் கிடைத்த அடிமை அந்தோனினஸாக டோனி கர்ட்டிஸ். அடிமை பாட்டுக்காரன், படித்தவன். எஜமானைக் குளிப்பாட்டுகிறான். எஜமான் கேட்கிறான்: சிப்பி தின்பாயா, நத்தை தின்பாயா? எதைத் தின்பது என்பது ருசியைச் சேர்ந்தது, ஒழுக்கத்தைச் சேர்ந்ததல்ல என்று அவனைத் தலையாட்ட வைக்கிறான். தனக்கு இரண்டும் பிடிக்கும் என்கிறான். கொஞ்ச நேரத்தில் அந்தோனினஸ் காணாமல் போகிறான். அடுத்து அவனை ஸ்பார்ட்டகஸின் பாளையத்தில் பார்க்கிறோம்.

ஒருபால் விருப்பத்தைத் துணிந்து காட்டிய காட்சி என்று இதைக் கொண்டாடுகிறார்கள். தணிக்கை பயந்தது அதற்குத்தான் என்பது சரி. அந்த விருப்பத்தை அசிங்கம் என்று வெட்டிய கத்தரிக்கு நாம் வக்காலத்து வாங்கப் போவதில்லை. ஆனால் அந்தக் குளியலறையில் விருப்பம் என்ற ஒன்று ஒரே ஒருவனுக்குத்தான் இருக்கிறது. மற்றவன் விலைக்கு வாங்கப்பட்டவன். அவன் ‘ஆமாம் எஜமான்’ என்று சொல்வதை விருப்பம் என்று எண்ணுகிற விமர்சகர், எஜமானின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து படம் பார்க்கிறார். அடிமையின் உழைப்பு மட்டுமா, அவன் உடம்பே எஜமானின் தட்டில் வைத்த பண்டம் என்று சொல்வதால் இது முக்கியமான காட்சி. நம்ம பாட்டிமார்களுக்கு இது புதுச்செய்தியில்லை. பண்ணை வீட்டுக் களத்தில் அவர்களிடம் சிப்பியா நத்தையா என்றுகூட எவனும் கேட்டதில்லை.

காட்சியை வெட்டியதால் இன்னொரு சேதமும் நடந்தது. அந்தோனினஸ் ஏன் ஓடிவந்தான் என்பது மங்கிப்போயிற்று. 31 வருஷம் அவன் ஏதோ ஒரு மென்மையான பாட்டுக்காரனாக, போராட்டத்தின்மேல் ஆசைப்பட்டு வந்தவனாகத் தெரிந்தான். வெட்டப்பட்டது ஒரு குளியல் மட்டுமல்ல, ஓர் அடிமை ஓடியதற்கான காரணம். காரணம் போய்விட்டால் கலகம் வெறும் கலகமாகிவிடும். நாளிதழ்களில் ‘இரு தரப்பினர் மோதல்’ என்று படிக்கிறோமே, அதுவும் காரணம் வெட்டப்பட்ட காட்சிதான்.

இந்தக் காட்சியை மீட்டதில் ஒரு சங்கடம் இருந்தது. படம் கிடைத்தது, ஒலிச்சுருள் கிடைக்கவில்லை. உதடு அசைகிறது, குரல் இல்லை. டோனி கர்ட்டிஸ் அறுபத்தைந்து வயதைத் தாண்டிய குரலில் தன் இளவயது உதட்டுக்குத் தானே பேசினார். ஒலிவியர் 1989-இல் இறந்துவிட்டார். அவர் மனைவி ஜோன் ப்ளோரைட் சொன்ன யோசனையின் பேரில் அந்தோணி ஹாப்கின்ஸ் ஒலிவியரைப் போலவே பேசிக் கொடுத்தார். கண்ணை மூடிக் கேட்டால்கூடக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

இதற்கு நேர்மாறாக இன்னொன்றும் நடந்தது. கிராக்கஸ் என்ற செனட்டர் சம்பந்தப்பட்ட நான்கு நிமிடக் காட்சிகள் மீளவேயில்லை. அவன் தற்கொலை செய்துகொள்வதும் அதில் அடக்கம். சரியாகப் பராமரிக்காததால் படச்சுருள் அழிந்துபோயிற்று. ஒலி மட்டும் இருக்கிறது. அங்கே குரல் இல்லாத முகம், இங்கே முகம் இல்லாத குரல்.

6

திரும்பி வராத வேறொன்றும் உண்டு. அது பெட்டி அழிந்ததால் போனதல்ல.

ட்ரம்போ படத்தின் முதல் தொகுப்பைப் பார்த்துவிட்டு நீண்ட அறிக்கை ஒன்று எழுதினார். ‘பெரிய ஸ்பார்ட்டகஸ்’, ‘சின்ன ஸ்பார்ட்டகஸ்’ என்று இரண்டு பார்வைகள் மோதுவதாக அதில் பிரித்துக் காட்டினார். பெரிய ஸ்பார்ட்டகஸ் ரோமின் அடித்தளத்தையே ஆட்டிய கலகத்தின் தலைவன். சின்ன ஸ்பார்ட்டகஸ் சிறையை உடைத்துக் கடற்கரையை நோக்கி ஓடித் தோற்றுப்போகிற நல்லவன். ட்ரம்போ பெரியவனைக் கேட்டார். நமக்குக் கிடைத்தது பெரும்பாலும் சின்னவன்.

படத்தை மறுபடி பாருங்கள். அடிமைகள் ரோமப் பாசறையொன்றைத் தாக்கி அதன் தளபதியைப் பிடித்து அவமானப்படுத்தி அனுப்புவது இருக்கிறது. மற்ற வெற்றிகள் பேச்சிலும் வரைபடத்திலுமாகக் கடந்துபோகின்றன. இரண்டு கான்சல்களின் படை ஓடியது பெரிய காட்சியாக இல்லை. அணிவகுப்பும் தீ உருளைகளும் இசையுமாகத் திரை முழுக்க நாம் பார்க்கிற ஒரே பெரும் போர், அடிமைகள் தோற்கிற போர். அதன் கொடூரத் துண்டுகள் 1991-இல் திரும்பின. 2015-இல் டிஜிட்டலில் இன்னொரு முறை படத்தைப் புதுப்பித்தார்கள். அப்போதும் வெற்றி ஏறவில்லை.

நான் முன்னால் சொன்ன மூன்றாவது காரணம் இங்கேதான் பிடிபடுகிறது. 1960-இல் அமெரிக்க ஒழுக்கக்காரர்களை நடுங்கவைத்த நத்தை 1991-இல் யாரையும் நடுங்கவைக்கவில்லை. ரத்தம் சந்தையில் நன்றாக விற்கிற காலம் வந்துவிட்டது. அதனால் நத்தையும் ரத்தமும் திரும்பி வந்தன. அடிமைகள் ஜெயித்தார்கள் என்பது மட்டும் எந்தக் காலத்திலும் விலைபோகிற சரக்காக ஆகவில்லை. தோற்று, சிலுவையில் தொங்கி, பார்ப்பவர் கண்ணில் நீர் வரவழைக்கிற அடிமையைத்தான் உலகத்துக்குப் பிடித்திருக்கிறது. நம்மைப் பற்றி அடுத்தவர் எழுதும் கதைகளிலும் இதே விதிதான். அடி வாங்குகிற தலித்துக்குப் பத்துப் பக்கம் கிடைக்கும். சாதிக்காரன் கிணற்றில் இறங்கித் தண்ணி மொண்ட நாளைக்கு ஒரு வரி கிடைக்காது.

ஆகவே ஒரு படம் மறுவெளியீடாக வரும்போது என்ன சேர்ந்திருக்கிறது என்று எண்ணுவதோடு நிறுத்திவிட வேண்டாம். இன்னும் எது வரவில்லை என்றும் எண்ணுவோம். அதுதான் இன்றைய அதிகாரத்தின் பயப்பட்டியல்.

7

எம்.ஏ. தமிழில் எங்களுக்குப் பதிப்பியல் ஒரு பாடம். பாடவேறுபாடு, இடைச்செருகல், சிதைவு என்று பகுத்துப் படித்தோம். புறநானூற்றில் 267, 268 பாட்டுகள் கிடைக்கவில்லை. பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் பத்தாம் பத்தும் இல்லை. பழம்பதிப்பாசிரியர்கள் ஏடு செல்லரித்த இடத்தில் புள்ளி வைத்துவிட்டு நகர்ந்தார்கள். தாங்களே பாடி நிரப்பவில்லை. ஃபிரிட்ஸ் லாங்கின் ‘மெட்ரோபொலிஸ்’ படத்தையும் இந்த நேர்மையோடு மீட்டிருக்கிறார்கள். 1927-இல் வெளியான சில மாதங்களிலேயே வெட்டப்பட்ட அந்தப் படத்தின் பழைய 16 எம்.எம். பிரதியொன்று 2008-இல் அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸில் கிடைத்தது. 2010-இல் வெளியிட்டபோது அந்தப் பகுதிகள் கீறலோடு மழை பெய்வதுபோல் ஓடின. அப்படியும் கிடைக்காத இடத்தில் கறுப்புத் திரையில் எழுத்தைப் போட்டு இங்கே இன்ன காட்சி இருந்தது என்று சொன்னார்கள். ஒட்டிய தையல் தெரிகிறது.

ஹாப்கின்ஸின் குரலைக்கூட நான் மோசடி என்று சொல்லமாட்டேன். உதடு ஒலிவியருடையது, குரல் இன்னாருடையது என்று உலகத்துக்குத் தெரியும். தமிழில் நம் உதட்டசைவுக்குக் குரல் கொடுத்தவர்கள் அப்படிச் சொன்னதில்லை. சேரியைப் பற்றிய எத்தனை நாவல்களில் நம் ஆள் வாயைத் திறந்தால் ஆண்டையின் குரல் வருகிறது! அதை நம் குரல் என்றே பரிசு கொடுத்தார்கள், பாடமாகவும் வைத்தார்கள்.

முகமும் இல்லாமல் குரலும் இல்லாமல் போனவர்களும் இருக்கிறார்கள். மலையாளத்தின் முதல் கதைப்படம் ஜே.சி. டேனியலின் ‘விகதகுமாரன்’. அதில் நாயர்ப் பெண்ணாக நடித்த பி.கே. ரோசி புலையர் சமூகத்துப் பெண். அந்தத் துணிச்சலைப் பொறுக்காத சாதி இந்துக்கள் கல்லெறிந்து விரட்ட, தமிழ்நாட்டுக்குத் தப்பிவந்து நாகர்கோவிலில் வேறு பெயரில் வாழ்ந்து முடிந்தார். படத்தின் பிரதி மிஞ்சவில்லை. இயக்குநர் பெயரில் கேரள அரசு 1992-இல் விருது ஏற்படுத்தியது. இயக்குநருக்கு மீட்பு கிடைத்துவிட்டது. ரோசியின் முகம் அசைந்த ஓர் அடி பிலிம்கூட எந்தப் பெட்டியிலும் இல்லை. அவரை யார் எந்த மறுவெளியீட்டில் கொண்டுவருவது?

நெகட்டிவ் இல்லாதவர்களுக்குச் சாட்சியம்தான் மீட்டமைப்பு. இந்த இதழின் பக்கங்களில் நம்மவர்கள் தங்கள் வாழ்க்கையை எழுதுவதை இலக்கியமா, புலம்பலா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான். வெட்டி எறிந்த துண்டுகளை நாங்கள் ஒட்டிக்கொண்டிருக்கிறோம். இது அழகாக இல்லாமல் இருக்கலாம். தையல் தெரியும்.

படிப்பகத்தில் படம் காட்டிய இரவு பெரியப்பா வீட்டுக்குப் போகாமல் திண்ணையில் உட்கார்ந்து பேசினார். என் செல்போனில் பதிவுசெய்தேன், நாற்பது நிமிடம். எழுபதுகளில் ஒரு ராத்திரி ரீல் பொட்டியோடு ஊர்த்தெரு வழியாகச் சைக்கிள் மிதித்துப் போயிருக்கிறார். எங்க ஆட்கள் அந்தத் தெருவில் இறங்கி உருட்டித்தான் போக வேண்டும். அன்றைக்கு மழை, நேரம் வேறு ஆகிவிட்டது, மிதித்துவிட்டார். பிடித்துக்கொண்டார்கள். சைக்கிளைத் தலைமேல் தூக்கிக்கொண்டு தெருக்கோடி வரை போகச் சொன்னார்கள். பொட்டியை ஒருவன் கால்வாய் ஓரம் வைத்தான். “அடி கூடப் பெரிசில்லப்பா, பொட்டி நனைஞ்சிடுமேன்னுதான் கெடந்து தவிச்சேன்” என்கிறார். அடுத்த ஊர்க் கொட்டகையில் அரைமணி நேரம் வெள்ளைத் திரை நின்றது. ஜனம் விசிலடித்தது. முதலாளி அந்த வாரக் கூலியைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு அங்கே தரையில் உட்கார்ந்திருந்த யாருக்கும் படம் ஏன் நின்றது என்று தெரியாது.

பெரியப்பா ஐப்பசி மழையில் போய்ச் சேர்ந்துவிட்டார். பதிவை எழுத்தாக்கி முடித்திருக்கிறேன். பிடித்தவர்கள் பெயரை அவர் சொல்லும் இடத்தில் ஒரு லாரி கடந்துபோகிறது. இரண்டு பெயர் கேட்கவில்லை. யார் யாராக இருக்கும் என்று ஊகிக்க முடியும், எங்க தெருவில் எல்லோராலும் முடியும். அந்த இரண்டு இடத்திலும் புள்ளி வைத்திருக்கிறேன். மற்றதெல்லாம் அவர் சொன்னபடியே இருக்கிறது. உங்கள் வீட்டிலும் பொட்டி தூக்கியவர்கள் இருப்பார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி அனுப்புங்கள்.